பாரெட்டோஸிலிருந்து டெக்ஸாஸுக்கு

சாவோ பாவ்லோ நகரை விட்டு வடக்கே போகும் நெடுஞ்சாலையில் வெகுதூரத்துக்குத் தொழிற்சாலைகளும் கிடங்குகளும்தான். அவை ஓய்ந்ததும் கரும்பு தொடங்குகிறது. ரிபெய்ராவ் பிரெட்டோவைத் தாண்டியும் கரும்பு விடுவதில்லை. நடுவே ஆரஞ்சுத் தோப்புகள் கொஞ்சம் தலைகாட்டுகின்றன, அவ்வளவே. 400 கிலோமீட்டருக்கு மேல் இப்படிப் போனால் வருகிற பாரெட்டோஸ் மாட்டால் வளர்ந்த ஊர். 1913-இல் இங்கே பெரிய இறைச்சி ஆலை வந்தபின், பிரேசிலின் உள்மாநிலங்களிலிருந்து மந்தை மந்தையாக மாடுகளை நடத்தியே ஓட்டிவந்தவர்கள் இங்குதான் வந்து சேர்ந்தார்கள். 1955-இல் ஊர் இளைஞர்கள் சிலர் ஒரு சங்கம் கண்டார்கள். சேர்வதற்கு நிபந்தனை இரண்டு: திருமணம் ஆகியிருக்கக் கூடாது, சொந்தக் காலில் நிற்க வேண்டும். அந்தச் சங்கம் 1956-இல் மாட்டுக்காரர்களுக்கென்று ஒரு விழா எடுத்தது. இன்று ஒவ்வோர் ஆகஸ்டிலும் லட்சக்கணக்கானவர்களை இழுக்கும் அந்த விழாவுக்கு, பிரேசிலியா நகரின் கட்டடங்களை வரைந்த ஆஸ்கார் நீமேயர் குதிரை லாட வடிவில் ஓர் அரங்கு வடிவமைத்துக் கொடுத்திருக்கிறார். ஏறத்தாழ 35,000 பேர் உட்காரலாம். கம்யூனிஸ்டாகவே வாழ்ந்து மறைந்த நீமேயர் மாட்டுப் பண்ணையார்களின் விழாவுக்கு அரங்கு கட்டித் தந்தது பிரேசிலில் மட்டுமே நடக்கக்கூடிய விஷயம். உலகக் காளைச் சவாரிப் பட்டத்தின் பாதை எங்கே தொடங்குகிறது என்று தேடுகிறவர்கள் டெக்ஸாஸுக்குப் போவதற்கு முன் இந்த ஊருக்கு வர வேண்டும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. 1992-இல் இருபது சவாரிக்காரர்கள் ஆளுக்கு ஆயிரம் டாலர் போட்டு, மாட்டுக்காரர் வித்தைகள் பலவும் சேர்ந்து நடக்கும் ரோடியோவிலிருந்து பிரிந்து தங்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதுதான் பிபிஆர். ரோடியோவில் கூட்டம் காத்திருப்பது கடைசியில் வரும் காளைச் சவாரிக்காகத்தான். அந்தக் கூட்டத்துக்கு ஏற்ற பங்கு தங்களுக்கு வரவில்லை என்பது அவர்களின் குறை. 1994 முதல் அந்த அமைப்பு ஆண்டுதோறும் ஓர் உலகச் சாம்பியனை அறிவிக்கிறது. 2024 வரையிலான 31 பட்டங்களில் 14 பிரேசிலுக்குப் போயிருக்கின்றன. முதல் பட்டமே பிரேசிலியரான அத்ரியானோ மொராயஸுக்கு. 2001-லும் 2006-லும் அவரே மறுபடி வென்றார். சில்வானோ ஆல்வெஸ் மூன்று முறை, ஜோசே விட்டோர் லெமே அடுத்தடுத்து இரண்டு முறை. ஒருமுறை, 1998-இல், ஆஸ்திரேலியரான டிராய் டன். மீதி 16 அமெரிக்கர்களுக்கு. தொப்பியும் பூட்ஸும் மாட்டிய கவ்பாய் என்ற உருவத்தை உலகெங்கும் விற்ற நாடு, அந்தக் கவ்பாயின் தலையாய வித்தையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை, ஒன்று நீங்கலாக, போர்த்துகீசியம் பேசுகிறவர்களிடம் விட்டிருக்கிறது. அந்தப் பதினாறும் கவ்பாய் பூமிக்கே உரியவை என்றும் சொல்லிவிட முடியாது. ஜே.பி. மோனி வட கரோலினாக்காரர். கிறிஸ் ஷிவர்ஸ் லூசியானா. 2022-இல் வென்ற டேலன் ஸ்வேரிங்கன் நியூயார்க் மாநிலம். பரம்பரையும் மேற்கத்திய மண்ணும் சேர்ந்து சாம்பியனை உண்டாக்குகின்றன என்ற பேச்சு இந்தப் பட்டியலைப் பார்த்தபின் நிற்காது.

அப்படியானால் எது உண்டாக்குகிறது? விதியும், அந்த விதியின்படி ஏறிப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்புகளின் நெருக்கமும்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். முதலில் விதி. காளை நிற்கும் இரும்பு அடைப்பு, அது திரும்பக்கூட முடியாத அகலம்தான். சவாரிக்காரர் மேலிருந்து மெல்ல அதன் முதுகில் இறங்குகிறார். மார்பைச் சுற்றி முன்கால்களுக்குப் பின்னால் ஒரு பின்னல் கயிறு. அதன் அடியில் கனமான மணி தொங்கும். ஆள் கையை எடுத்ததும் கயிறு தானாகக் கழன்று விழ அந்தப் பாரம் வேண்டும். கையுறையிலும் கயிற்றிலும் பிசின் பொடியைத் தேய் தேயென்று தேய்க்கிறார். சூடு ஏறினால்தான் அது பிடிக்கும். தோழர் ஒருவர் கயிற்றை இழுத்துக் கொடுக்க, அதை உள்ளங்கையைச் சுற்றி வாங்கி, மூடிய முஷ்டியை இன்னொரு கையால் ஓங்கி ஓங்கிக் குத்தி இறுக்குகிறார். பிறகு இடுப்பை நகர்த்திக் கைக்கு ஒட்ட வந்து உட்கார்ந்து, தலையசைக்கிறார். கதவு திறக்கிறது. அதிலிருந்து எட்டு நொடி. பிடித்திருக்கும் கை ஒன்றுதான். இன்னொரு கை காளையையோ தன்னையோ தொட்டால் அந்தச் சவாரி செல்லாது. எட்டு நொடிக்கு முன் விழுந்தால் பூஜ்யம், ஏழரை நொடி இருந்தாலும் பூஜ்யம்தான். தாக்குப்பிடித்தால் நூற்றுக்கு மதிப்பெண். அதில் ஐம்பது ஆளுக்கு, ஐம்பது காளைக்கு.

இந்த விதி பழைய மரபு எதிலும் இருந்து அப்படியே வந்ததில்லை. காளை ஏறும் வழக்கம் அமெரிக்காவுக்கு மெக்சிகோவிலிருந்து வந்தது. அங்கே சார்ரேரியா விழாக்களில் இன்றும் நடக்கிறது. ஆனால் மெக்சிகோ மரபில் இரண்டு கையாலும் பிடிக்கலாம், கடிகாரம் கிடையாது, காளை துள்ளி ஓயும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு வேண்டிய உடல் வேறு, பொறுமை வேறு. எட்டு நொடி ஆட்டத்தில் தேவைப்படுவது ஒரு கைப் பிடிமானத்தில் நடு உடம்பைக் காளையின் தோளுக்கு நேரே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துள்ளலையும் அது முடிவதற்குள் படித்துவிடுகிற வேகம். மெக்சிகோ அமெரிக்காவின் பக்கத்து வீடு, காளை ஏறுவதில் அதற்கு மூத்த நாடு, ஏறுகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. இருந்தும் அந்த 31 பட்டங்களில் ஒன்றுகூட அங்கே போகவில்லை. பிரேசிலில் நடந்தது நேர்மாறு. அங்கே மாட்டுக்காரர் விழாக்கள் தொடக்கத்தில் குதிரைச் சவாரியைச் சுற்றித்தான் இருந்தன; காளை பிற்பாடு வந்தது. வரும்போதே அமெரிக்க விதியோடு வந்தது: ஒரு கை, எட்டு நொடி, நூறு மதிப்பெண். கழற்றிப் போட வேண்டிய பழக்கம் எதுவும் இல்லாததால், பாரெட்டோஸில் கற்றதை ஓர் எழுத்து மாற்றாமல் லாஸ் வேகாஸில் ஒப்பிக்க முடிந்தது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு, வறுமை. ஒன்றுமில்லாத வீட்டுப் பையன் ஒரு டாலருக்கு எதையும் செய்வான், அதனால் ஜெயிக்கிறான் என்பார்கள். பணத்தின் இழுப்பை யாரும் மறுக்கவில்லை. 2003 முதல் உலகச் சாம்பியனுக்குப் பத்து லட்சம் டாலர் போனஸ் கிடைத்துவந்தது. அதைப் பிரேசில் ரியாலாக மாற்றினால் ஒரு பண்ணையே வாங்கலாம், வாங்கியவர்களும் உண்டு. ஆனால் பசி ஒருவனைக் கிளப்பிவிடும். கிளம்பிப் போனவன் ஏன் ஜெயித்தான் என்பதை அது விளக்காது. பசிதான் காரணமென்றால் மெக்சிகோவுக்கு எத்தனையோ பட்டம் வந்திருக்க வேண்டும், மாடு மேய்க்கும் ஏழை நாடுகள் இன்னும் பல பட்டியலில் இருந்திருக்க வேண்டும். இரண்டாவது, கால்பந்து விளக்கம்: பிரேசில்காரனுக்குக் காலில்தான் வித்தை, ஆகவே காளையையும் காலால் பிடிக்கிறான் என்பது. கேட்க இனிமையாக இருக்கிறது. கால்பந்து ஆடாத பையன்கள் உள்ள நாட்டைத் தேடிக் கண்டுபிடித்தால்தான் அதைச் சோதிக்க முடியும்.

கனடாவைக் காட்டி எழும் மறுப்பு இவற்றைவிடக் கனமானது. அங்கே 1912-இல் தொடங்கிய கால்கரி ஸ்டாம்பீட் என்ற ரோடியோ விழா இன்றும் நடக்கிறது, விதியும் அதே அமெரிக்க விதிதான். இருந்தும் உலகப் பட்டம் இல்லை. விதி மட்டும் போதுமென்றால் கனடா ஏன் வெல்லவில்லை? போதாது என்பதுதான் பதில். விதியோடு நெருக்கமும் வேண்டும். சாவோ பாவ்லோ, மினாஸ் ஜெராயஸ், மாட்டோ குரோசோ தோ சுல் ஆகிய மாநிலங்களின் உள்பகுதியில் சிறு ஊருக்கும் ஆண்டு விழா உண்டு, விழா என்றால் பாட்டுக் கச்சேரியும் காளையும் உண்டு. பாரெட்டோஸ் அவற்றில் பெரியது, அவ்வளவே. பனிக்காலம் என்ற ஒன்று குறுக்கிடாத நாட்டில், ஒரு பையன் வாரத்துக்கு வாரம் பக்கத்து ஊர், அதற்கடுத்த ஊர் என்று போய் விதவிதமான காளைகளில் ஏறி விழுந்து எழலாம். தலைசிறந்தவர்களே ஏறுவதில் பாதிக்குப் பாதி கீழே விழுகிற ஆட்டம் இது. ஆகவே எத்தனை காளை ஏறிப் பார்த்தாய் என்பதைத் தவிர வேறு பள்ளிக்கூடம் இதற்கில்லை. போதாக்குறைக்கு 2001-இல் பிரேசில் நாடாளுமன்றம் ரோடியோ வீரரைத் தொழில்முறை விளையாட்டு வீரராகவே சட்டத்தில் ஏற்று, விழா நடத்துபவர் அவருக்குக் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. ஊர்த் திருவிழாவில் செய்யும் சாகசத்தைப் பிழைப்பென்று சட்டம் அங்கீகரித்த நாடுகள் அதிகமில்லை.

அங்கிருந்து பாதை டெக்ஸாஸின் ஃபோர்ட் வொர்த்துக்கு வருகிறது. அந்த ஊரின் பழைய மாட்டுச் சந்தைப் பகுதியில் நீண்ட கொம்பு மாடுகளைத் தினமும் இரண்டு வேளை செங்கல் பாவிய தெருவில் நடத்திக் காட்டுகிறார்கள். வேடிக்கை பார்க்கக் கைப்பேசியோடு வரிசையாக நிற்கிறார்கள். மாடுகள் எங்கும் போகவில்லை, போய்த் திரும்புகின்றன. 1908-இல் கட்டிய கௌடவுன் கொலிசியம் அதே தெருவில் நிற்கிறது. கூரைக்குள் நடந்த முதல் ரோடியோ 1918-இல் இங்கேதான். ஊருக்கு வடமேற்கே ஒரு மணி நேரத்துக்குள் வருகிற டெக்கேட்டர் சின்ன ஊர். நீதிமன்றக் கட்டடத்தைத் தவிர நின்று பார்க்க அதிகமில்லை. பிரேசில் சவாரிக்காரர்கள் குடும்பத்தோடு வந்து குடியேறியது இந்த வட்டாரத்தில்தான். மொராயஸ் வழிகாட்ட ஒருவர் வந்தார், அவரைப் பார்த்து இன்னொருவர் வந்தார். ஆங்கிலம் தெரியாதவன் வந்து இறங்கினால் வண்டி ஏற்றிவிட, நுழைவுப் படிவம் நிரப்ப, உடைந்த எலும்புக்கு மருத்துவரிடம் பேச ஆள் இருக்கும். பிபிஆர் அமைப்பும் இவர்களுக்குத் தோதாக இருந்தது. பழைய ரோடியோவில் ஒரு பருவத்தில் நாடு முழுக்க வண்டியோட்டி ஊர் ஊராகக் கட்டணம் கட்டிச் சேர்ந்தால்தான் தரவரிசையில் ஏற முடியும்; அந்த ஊர்களையும் ஆட்களையும் தெரிந்த உள்ளூர்க்காரனுக்கு அது சாதகம். வார இறுதியில் ஒரு நகரத்து அரங்கில் தேர்ந்தெடுத்த சிலருக்குள் நடக்கும் போட்டியில் அந்தச் சாதகம் கரைந்துபோனது. கடிகாரத்துக்கு எந்த மொழியும் தெரியாது.

ஆனால் இதுவரை சொன்னது மதிப்பெண்ணில் ஐம்பதை மட்டுமே விளக்குகிறது. மறு ஐம்பதைத் தேடி ஃபோர்ட் வொர்த்திலிருந்து வடக்கே ஓக்லஹோமா எல்லையைத் தாண்டி ஆர்ட்மோர் வரை போக வேண்டும். பேஜ் குடும்பத்தின் டி அண்ட் ஹெச் பண்ணை இந்தப் பக்கம்தான். துள்ளுவதற்கென்றே காளை வளர்க்கும் தொழில் இது. ஒவ்வொரு கன்றுக்கும் மரபணுச் சோதனை செய்து தாய் தந்தையைப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். நல்ல காளையின் விந்தணுவுக்குத் தனிச் சந்தை இருக்கிறது. இரண்டு வயதுக் காளையின் மேல் ஆளை ஏற்றுவதில்லை. பத்துக் கிலோ அளவிலான ஒரு பெட்டியை முதுகில் கட்டி விடுகிறார்கள். நான்கு நொடி துள்ளவிட்டு, தொலைவில் இருப்பவர் பொத்தானை அழுத்தினால் பெட்டி கழன்று விழும். துள்ளினால் பாரம் விழும், அதுதான் பரிசு என்று காளை இப்படித்தான் கற்றுக்கொள்கிறது என்பார்கள் பண்ணைக்காரர்கள். இந்தக் காளைகள் பலவற்றின் தோளில் திமில் தெரியும். அமெரிக்க பிராமன் இனத்தின் ரத்தம் அது. அந்த இனமோ இந்திய மாடுகளிலிருந்து உருவானது. பிரேசிலின் புல்வெளிகளை நிறைத்திருக்கும் நெலோரே மாடுகளின் மூதாதையரும் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர், ஓங்கோல் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவைதான். ஏறுபவனைப் பிரேசிலும் ஏறப்படுவதை ஓக்லஹோமாவும் தயாரிக்கின்றன. இரண்டிலும் நம் கரையின் மாடு கொஞ்சம் கலந்திருக்கிறது.

சாம்பியன் பட்டத்தை ஆளின் பெயரில் மட்டும் எழுதுவது பாதிக் கணக்கு என்பதற்கு இந்த ஆட்டத்தின் பெரிய நாட்களே சாட்சி. ரெட் ராக் என்ற காளையின் மேல் 309 முறை ஏறிப் பார்த்தும் ஒருவரும் எட்டு நொடி நிற்கவில்லை. அதன்பின் 1988-இல் சவாரிக்காரர் லேன் ஃப்ராஸ்டையும் அதையும் ஏழு முறை மோதவிட்டார்கள். ஃப்ராஸ்ட் நான்கில் நின்றார். தோற்ற மூன்றும் சேர்ந்துதான் அந்த நான்கைப் பெரிதாக்கின. புஷ்வேக்கர் என்ற காளை தொடர்ந்து 42 முறை ஆளைத் தள்ளியபின் 2013 ஆகஸ்டில் டல்சாவில் மோனி அதன்மேல் எட்டு நொடி இருந்தார், 95.25 மதிப்பெண். அந்த ஆண்டு இருவருக்குமே உலகப் பட்டம். 2021-இல் வூப்பா என்ற காளையின் மேல் லெமே எடுத்த 98.75 பிபிஆர் வரலாற்றிலேயே உச்சம். சாதுவான காளையின் மேல் எவ்வளவு அழகாக உட்கார்ந்தாலும் அந்த எண் வராது. தனக்கு ஆக மோசமான எதிரியே வாய்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளச் சொல்லும் விளையாட்டு இது.

ஆல்வெஸின் ஆட்டம் இதற்கு எதிர்ச்சான்று என்று சொல்லக்கூடும். காளை சரியாகத் துள்ளாவிட்டால் வேறு காளையில் மறுபடி ஏற நடுவர்கள் வாய்ப்புத் தருவார்கள். ஆல்வெஸ் அதை மறுத்துவிட்டுக் கையில் கிடைத்த குறைந்த மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு நடந்துவிடுவார். அமெரிக்க ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். துணிச்சலில்லாத கணக்குப்பிள்ளை என்றார்கள். அந்தக் கணக்குப்பிள்ளைக்கு 2011, 2012, 2014 ஆண்டுகளின் பட்டம் கிடைத்தது. இது காளையின் பங்கை மறுப்பதாகத் தோன்றலாம். உண்மையில், காளை கொடுக்கும் பாதியை நன்றாக எடைபோட்டவர் அவர்தான். எழுபத்தைந்து நிச்சயம், தொண்ணூறு சந்தேகம், சந்தேகத்தில் விழுந்தால் பூஜ்யம் என்பது விதியிலேயே எழுதியிருக்கிறது. மோனியைப் பார்க்கப் பிடிக்கும். விதியைப் படித்தவர் யார் என்று கேட்டால் ஆல்வெஸைத்தான் சொல்ல வேண்டும்.

காளைக்குப் பாதி மதிப்பெண் கொடுத்து என்ன பயன், அதைக் கேட்டா அரங்குக்குக் கொண்டுவந்தார்கள் என்ற கேள்வி நியாயமானது. அதன் இடுப்பில், பின்தொடைக்கு முன்னால் கட்டும் கயிற்றைப் பற்றித்தான் சண்டை. அது விதையைக் கட்டும் கயிறு என்று பரவலாக நம்பப்படுவது தவறு. ஆனாலும் அது ஓர் உறுத்தல், அந்த உறுத்தலை உதறத்தான் காளை பின்காலை வீசுகிறது. இதை மழுப்பிப் பேசுவதில் பொருளில்லை. பிட்ஸ்பர்க் நகரம் இந்தக் கயிற்றையே தடை செய்திருக்கிறது. பிரேசிலின் 2002 சட்டம் கயிறு இயற்கைக் கம்பளியால் இருக்க வேண்டும், சவாரிக்காரரின் குதிமுள்ளில் கூர்மை கூடாது, கால்நடை மருத்துவர் இருக்க வேண்டும் என்கிறது. 2016-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாட்டின் வாலைப் பிடித்து வீழ்த்தும் வக்கேஜாடா என்ற விளையாட்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல, மறு ஆண்டே அரசியல் சட்டத்தைத் திருத்தி, பண்பாட்டு விளையாட்டுக்கு விலக்கு அளித்தார்கள். அதே 2017-இல் சென்னைக் கடற்கரையில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியவர்களுக்கு அந்தச் செய்தி புதிதாக இருந்திருக்காது. ஜல்லிக்கட்டின் பக்கம் நின்றவர்கள் பிடிபடாத காளைக்கும் பரிசு உண்டு என்பதைச் சொல்லிக்காட்டுவார்கள். இங்கேயும் ஆளைத் தள்ளிய காளைக்குப் புள்ளி உண்டு, ஆண்டின் சிறந்த காளை என்ற பட்டமும் உண்டு. நல்ல காளையின் விலை அதன் பராமரிப்புக்குக் காவல் என்பது உண்மை. சுமாரான காளைக்கு அந்தக் காவல் இல்லை என்பதும் உண்மைதான். பண்ணைக்காரர்கள் முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆளுக்குள்ள ஆபத்தை அப்படிப் பாதியில் நிறுத்த முடியவில்லை. ஃப்ராஸ்ட் 1989 ஜூலையில் செயென் நகரில் எட்டு நொடியை முடித்து இறங்கியபின் காளை முட்டி இறந்தார், வயது 25. அவருடைய நண்பர் கோடி லாம்பர்ட் அதன்பின் உருவாக்கிய பாதுகாப்புச் சட்டை இன்று எல்லோர் மேலும் இருக்கிறது. 1995-இல் போடேஷியஸ் என்ற காளை சவாரிக்காரர் டஃப் ஹெட்மனின் முகத்தை உடைத்தது. 2019 ஜனவரியில் டென்வரில் மேசன் லோவும், 2021 ஆகஸ்டில் ஃபிரெஸ்னோவில் பிரேசிலைச் சேர்ந்த 22 வயது அமாதியு கம்போஸ் சில்வாவும் இறந்தார்கள். எட்டு நொடி முடிந்தபிறகும் ஆட்டம் முடிவதில்லை என்பதை விதி கணக்கில் எடுக்கவில்லை. இறங்குவதற்கு மதிப்பெண் இல்லை. மோனியே 2023-இல் கழுத்து எலும்பு முறிந்து ஒதுங்கினார். அவரைத் தள்ளிய ஆர்க்டிக் அசாசின் என்ற காளை இப்போது அவருடைய பண்ணையிலேயே மேய்கிறது. இதைக் கேட்டு அமெரிக்காவில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

2022-இல் பிபிஆர் நகரங்கள், மாநிலங்களின் பெயரால் அணிகள் பிரித்தும் போட்டிகள் நடத்தத் தொடங்கியது. அணிக்கு ஆள் எடுப்பவர் பிறந்த ஊரைப் பார்ப்பதில்லை, எட்டு நொடிக்கு எத்தனை முறை நிற்கிறான் என்ற விகிதத்தைப் பார்க்கிறார். டெக்கேட்டரில் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் காளையேறும் வயதுக்கு வந்துவிட்டார்கள். பிரேசில் சவாரிக்காரர் பாலோ கிரிம்பரின் மகன் ஜான் கிரிம்பர் டெக்ஸாஸில் வளர்ந்தவர்; பதினெட்டு வயதில் உச்சப் போட்டிகளுக்குள் நுழைந்தார். வீட்டில் போர்த்துகீசியம், வெளியே ஆங்கிலம், ஏறுவது ஓக்லஹோமா காளை. இப்படி ஒருவர் பட்டம் வென்றால் அதைப் பதினாறோடு கூட்டுவதா, பதினான்கோடு கூட்டுவதா என்று இரண்டு நாட்டுப் பத்திரிகைகளும் சண்டை போடும். டெக்கேட்டர்காரர்கள் அதற்குள் அடுத்த வாரப் போட்டிக்கு எந்தக் காளை விழுந்திருக்கிறது என்று பார்க்கப் போயிருப்பார்கள்.